சூரியன் வராத ஊரிலே...

நான்கு மாத காலம் சூரியன் தலைகாட்டாத ஊர் ஒன்று உண்டு என்றால், கட்டுக்கதை என்று தோன்றும். கதையல்ல, தோழர்களே! நார்வேயின் ஆட்சிக்குட்பட்ட ஸ்வால்பார்ட் தீவுகளில், வடதுருவத்திலிருந்து சுமார் 1,300 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது அந்த ஊர். பெயர் லாங்இயர்பியன். அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன், மலைகளைத் தாண்டி மறுபடியும் ஊருக்குள் ஒளி வீச மார்ச் 8 ஆகிவிடும். அன்று பள்ளிப் பிள்ளைகள் முதல் பெரியவர் வரை பழைய ஆஸ்பத்திரியின் படிக்கட்டருகே கூடி நின்று வரவேற்கிறார்கள். கோடையிலோ நள்ளிரவிலும் வெயில்!

மரம் இல்லை, வயல் இல்லை. ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடி. ஆகவே துப்பாக்கி இல்லாமல் வெளியே போவதில்லை. பேறுகாலம் நெருங்கினால் தாய்மார்கள் நார்வே பெருநிலத்துக்குப் போய்விட வேண்டும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு மனிதன் ஏன் போனான்? வேடிக்கை பார்க்கவா? இல்லை. கரி வெட்டப் போனான்!

1906-ல் ஜான் மன்ரோ லாங்இயர் என்ற அமெரிக்க முதலாளி அங்கே சுரங்கத் தொழில் தொடங்கினார். மலையைக் குடைந்தவர்கள் பலர். ஊருக்குக் கிடைத்ததோ பணம் போட்டவரின் பெயர். 1916-ல் ஸ்டோர் நோர்ஸ்கே என்னும் நார்வே கம்பெனி அதை வாங்கிற்று. அதன் பிறகு பல பத்தாண்டுகள் ஊர்தான் கம்பெனி, கம்பெனிதான் ஊர். குடியிருந்த வீடு கம்பெனியுடையது. சாமான் வாங்கிய கடை கம்பெனியுடையது. கையில் புழங்கிய நோட்டுகூடக் கம்பெனி அச்சடித்ததுதான்! பீருக்கும் சாராய வகைகளுக்கும் அளவுச் சீட்டு உண்டு, ஒயினுக்குக் கிடையாது. காரணம்? ஒயின் அதிகாரிகள் குடிப்பது என்று அந்த ஊரார் சொல்வதுண்டு. துருவம் வரை போனாலும் மேல்தட்டு, கீழ்த்தட்டு கூடவே போகிறது, பார்த்தீர்களா?

அதே தீவுக் கூட்டத்தில் நீ-ஓலசுண்ட் என்று இன்னோர் ஊர். 1962 நவம்பர் 5-ந் தேதி அங்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து. 21 தொழிலாளர்கள் மாண்டார்கள். முதல் விபத்தா அது? இல்லை. 1948-லேயே 15 பேரைப் பலி கொண்ட சுரங்கம்!

அது தனியார் சுரங்கமல்ல. அரசாங்கத்தின் சொந்தச் சுரங்கம். ஆட்சியிலிருந்ததோ தொழிற்கட்சி. பிரதமர் ஐனார் கெர்ஹார்ட்சன், ஒரு காலத்தில் சாலை போடும் தொழிலாளியாக இருந்தவர். ஆனாலும் பாதுகாப்புக் குறைகளை விசாரணைக் குழு எடுத்துக் காட்டியதும், நாடாளுமன்றம் விடவில்லை. 1963 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறி அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. ஒரு மாதத்தில் அவர் மீண்டும் பதவிக்கு வந்தார் என்பது வேறு செய்தி. தொழிலாளியின் ஆட்சி என்றாலும் தொழிலாளியின் உயிருக்குக் கணக்குச் சொல்லியாக வேண்டும். நாம் மனதில் இருத்த வேண்டியது இதுதான். அந்தச் சுரங்கம் மூடப்பட்டு, ஊர் ஆராய்ச்சிக் கூடமாயிற்று. இந்தியாவின் ஹிமாத்ரி ஆராய்ச்சி நிலையம் 2008 முதல் அங்கேதான் இருக்கிறது.

லாங்இயர்பியனிலும் கரியின் காலம் முடிந்துவிட்டது. கடைசியாக இயங்கிய 7-ஆம் எண் சுரங்கம் 2025-ல் மூடப்பட்டது. சுரங்கத் தொழிலாளியின் இடத்துக்கு உல்லாசப் பயணி வந்திருக்கிறான். அவன் படுக்கையை விரிப்பவர் யார்? தட்டைக் கழுவுபவர் யார்? தாய்லாந்திலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் பலர். 1920-ல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கை காரணமாக அங்கே குடியேற விசா வேண்டியதில்லை. கதவு திறந்திருக்கிறது, ஆனால் வேலை போனால் உதவித்தொகை கிடையாது. தன் செலவைத் தானே தாங்க முடியாதவனை வெளியேற்றி விடலாம்.

சுமார் 2,500 பேர் வாழும் ஊர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டார். 2022-ல் நார்வே அரசு ஒரு விதி செய்தது: பெருநிலத்தில் மூன்றாண்டு வாழ்ந்திராத வெளிநாட்டாருக்கு ஊர் மன்றத் தேர்தலில் வாக்கில்லை! ஊரின் செலவுக்குப் பெருநிலம் பணம் தருகிறது. ஆகவே பெருநிலத்தோடு தொடர்புள்ளவர்களே முடிவு செய்யட்டும் என்பது அரசின் வாதம்.

வாதம் இருக்கட்டும். 2015 டிசம்பரில் பனிச்சரிவு வந்து வீடுகளைப் புரட்டித் தள்ளி இரண்டு உயிர்களைக் கொண்டு போயிற்றே, அது யாருடைய பாஸ்போர்ட்டைப் பார்த்து வந்தது? பனி சரியும்போது எல்லோரும் ஊரார். பெட்டியில் சீட்டுப் போடும்போது மட்டும் சிலர் அந்நியரா? எந்த வீடு இருக்கலாம், எங்கே புதிதாகக் கட்டலாம் என்று பேசப்படும் மன்றத்தில், அந்த வீட்டில் உறங்குகிறவனுக்கு ஒரு வாக்குக் கூடவா இல்லை?

கம்பெனி நோட்டு ஒழிந்தது. கரியும் ஒழிந்தது. உழைப்பவன் ஊராளும் உரிமை மட்டும் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. சூரியனுக்காவது மார்ச் 8 என்று நாள் குறித்திருக்கிறார்கள். இந்த உரிமைக்கு நாள் குறிப்பது யார்?