மருந்துக்கு மசியாத கிருமி: மூன்று நாள் விடை முக்கால் மணியில் கிடைப்பது எப்படி?

ஒரு தொற்றுக்கு எந்த ஆன்டிபயாட்டிக் பலிக்கும் என்பதைக் காட்டும் பரிசோதனையைக் ‘கல்ச்சர் - சென்சிடிவிட்டி’ என்பார்கள். நோயாளியின் சிறுநீரையோ சளியையோ அகார் தட்டில் தடவி, உடல் வெப்பநிலையில் ஓர் இரவு வைத்தால் பாக்டீரியா புள்ளிப் புள்ளியாகத் திரளும். அதை எடுத்து இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை மேலே வைப்பார்கள். மறுநாள் பார்த்தால், கிருமியை அடக்கிய வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, பட்டியலோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். செலவு குறைவு, நம்பகமும் உண்டு. ஆனால், இரண்டு மூன்று நாட்கள் ஆகும்.

அதுவரை சிகிச்சை காத்திருக்காது. பல வகைக் கிருமிகளைத் தாக்கும் வலிய மருந்து ஒன்றை மருத்துவர் அனுமானத்தில் தொடங்கிவிடுவார். கணிப்பு தவறினால் நோய் முற்றும். பலித்தாலும், தேவைக்கு மீறிய மருந்து எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமிகளையே மிச்சம் வைக்கும். 2019-இல் உலகில் சுமார் 12.7 லட்சம் பேரின் இறப்புக்கு மருந்து எதிர்ப்பு பாக்டீரியாக்கள் நேரடிக் காரணம் என்று 2022-இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு கணித்தது.

தாமதம் எங்கே?

எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியா உகந்த சூழலில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒரு செல் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வேண்டுமானால் பல லட்சம் மடங்கு பெருக வேண்டும். தாமதத்துக்கு முதன்மைக் காரணம் இதுதான். புதிய உணரிகள் அதற்குக் காத்திராமல், எதிர்ப்பின் முந்தைய அடையாளத்தைத் தேடுகின்றன.

ஒற்றைச் செல்லைப் பார்ப்பது

முதல் வழி, வளர்ச்சியை நுண்ணோக்கியில் தொடக்கத்திலேயே பிடிப்பது. பிரிட்டனில் 2014-இல் அறிவிக்கப்பட்ட லாங்கிடியூட் பரிசு, 2024-இல் இவ்வழியில் இயங்கும் கருவிக்குக் கிடைத்தது. பரிசுத்தொகை 80 லட்சம் பவுண்டு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த இக்கருவியின் பெயர் பிஏ-100. சில துளிச் சிறுநீரை இதன் சில்லில் விட்டால், பாக்டீரியாக்கள் மயிரிழையினும் மெல்லிய கால்வாய்களில் வரிசையாகச் சிக்கும். ஒரு பகுதிக் கால்வாய்களில் மருந்து ஓடும், மற்றவற்றில் ஓடாது. கேமரா விடாமல் படமெடுக்க, கணினி இரு பக்க வளர்ச்சியையும் ஒப்பிடும். மருந்துள்ள பக்கத்திலும் செல்கள் தடையின்றி நீண்டால், அந்த மருந்து பயன்படாது. தொற்று உண்டா என்பது 15 நிமிடத்திலும், ஐந்து மருந்துகளில் எது பலிக்கும் என்பது 45 நிமிடத்திலும் தெரிந்துவிடும்.

நிறம் காட்டும் நொதி

இரண்டாவது வழி இன்னும் மலிவானது. பெனிசிலின் குடும்ப மருந்துகளைப் பல கிருமிகள் பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதியால் உடைக்கின்றன. நைட்ரோசெஃபின் என்ற மஞ்சள் நிறப் பொருளையும் அதே நொதி உடைக்கும். உடைந்ததும் அது சிவப்பாகும். கருவி எதுவும் தேவையில்லை; காகிதத்துண்டில் ஊறவைத்தாலே போதும். கடைசிக்கட்ட மருந்துகளில் ஒன்றான இமிபெனத்தைக் கிருமி உடைக்கிறதா என்றறிய, 2012-இல் கார்பா என்பி பரிசோதனை வந்தது. மருந்து உடையும்போது அமிலம் உண்டாவதால், கரைசல் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும். இரண்டு மணி நேரத்துக்குள் விடை தெரியும்.

கர்ப்பப் பரிசோதனைக்குப் பயன்படுவது போன்ற பட்டைகளும் உள்ளன. இவற்றிலுள்ள எதிர்ப்பொருள், குறிப்பிட்ட நொதியைப் பிடித்துக் கோடாகக் காட்டும். என்ஜி-டெஸ்ட் கார்பா 5 பட்டை, என்டிஎம் உள்ளிட்ட ஐந்து நொதிகளைச் சுமார் 15 நிமிடத்தில் பிரித்துக் காட்டும். 2010-இல் வெளியான ஆய்வொன்று என்டிஎம்-1 கொண்ட பாக்டீரியாக்களைச் சென்னை, ஹரியானா, பிரிட்டன் மாதிரிகளில் கண்டறிந்ததால், இந்த நொதி தமிழ்நாட்டு மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல.

மரபணுவைத் தேடுவது

மூன்றாவது வழி காசநோயில் நடைமுறைக்கு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2010-இல் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பெர்ட், சளியில் காசநோய்க் கிருமி உண்டா, அது ரிஃபாம்பிசினை எதிர்க்கும் மரபணு மாற்றம் பெற்றதா என்ற இரண்டையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் சொல்லும். கோவாவில் உருவான ட்ரூநாட், பேட்டரியில் இயங்குவதால் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் ஏற்றது.

இவ்வழிக்கு ஓர் எல்லை உண்டு. தெரிந்த மரபணுவை மட்டுமே தேட முடியும். புதிய மாற்றம் கண்ணில் படாது. மருந்தை வெளியேற்றியோ உள்ளே விடாமலோ தப்பும் கிருமிகளை நொதிப் பரிசோதனைகளும் தவறவிடும். வளர்ச்சியை நேரில் பார்க்கும் முறைக்கு இந்தக் குறை இல்லை. ஆனால் அதற்கு நுண்ணோக்கியும் சில்லும் தேவை.

எஞ்சியுள்ள தடைகள்

சிறுநீர்த் தொற்றில் ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் பாக்டீரியா இருப்பது சகஜம். ரத்தத் தொற்றிலோ, அதே அளவு ரத்தத்தில் ஒன்றிரண்டுதான் இருக்கும். கோடிக்கணக்கான ரத்த அணுக்களுக்கு நடுவே அவற்றைப் பிரித்தெடுப்பது கடினம். அதனால் ரத்த மாதிரியை முதலில் குப்பியில் வளர்த்துவிட்டே பெரும்பாலான விரைவுப் பரிசோதனைகளைச் செய்கிறார்கள். நொதிப் பரிசோதனைகளும் பட்டைகளும் பெரும்பாலும் தட்டில் வளர்ந்த கிருமியையே கேட்பதால், அவற்றின் 15 நிமிடத்தோடு முந்தைய இரவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விலையையும் கருவியை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. ஒவ்வொரு பரிசோதனைக்கும் மாற்றவேண்டிய சில்லு அல்லது கார்ட்ரிட்ஜ், மின்சாரம், குளிர்பதனம், பழுதுபார்ப்பு, பயிற்சி ஆகியவை சேர்ந்ததே உண்மைச் செலவு. மருத்துவரின் கையிலுள்ள ஆன்டிபயாட்டிக் மாத்திரையை விடப் பரிசோதனையின் விலை பன்மடங்கானால், அனுமானச் சிகிச்சையே தொடரும்.

விரைவு உணரி முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும். எந்த ஊரில் எந்த மருந்து பலன் இழக்கிறது என்று கண்காணிக்கவும், புதுவகை எதிர்ப்பை அடையாளம் காணவும், உணரியின் விடையைச் சரிபார்க்கவும் அகார் தட்டு தொடர்ந்து தேவைப்படும்.