பிளக் சொல்லும் சேதி

காலையில் கார் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கிறதா? ஓடும்போது உதறுகிறதா? பெட்ரோல் வண்டி என்றால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். டீசல் இன்ஜினில் இந்தப் பிளக் கிடையாது.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், இது முக்கியம். சூட்டோடு திருகினால் அலுமினிய ஹெட்டில் இருக்கும் மரை பிய்ந்துகொண்டு வந்துவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் பிளக் விலை ஒன்றுமே இல்லை. சுற்றியுள்ள மண்ணை முதலில் ஊதித் தள்ளுங்கள். ஒரு பிளக்கை மாற்றி முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள். அப்போதுதான் பிளக் ஒயர்கள் இடம் மாறாது.

கழற்றிய பிளக்கை உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் முனையில்தான் சேதி இருக்கிறது. இளம் பழுப்பு நிறமாக இருந்தால் இன்ஜின் நலம். வறண்ட கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே இறங்குகிறது. பீங்கான் வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. பின்னிரண்டுக்கும் மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.

புதுப் பிளக்கின் முனை இடைவெளி, வண்டியின் கையேட்டில் சொன்ன அளவில் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது முதலில் விரலால்தான் சுற்ற வேண்டும். குழி ஆழமாக இருந்தால், பிளக்கின் தலையில் சின்ன ரப்பர் டியூபைச் சொருகிச் சுற்றலாம். மரை கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். கையால் முழுதாக இறங்கிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது பெரும்பாலும் பிளக் பெட்டியிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதற்கு மேல் பலத்தைக் காட்ட வேண்டாம்.