கூடி நிர்வகிக்கும் கலை: பினாங்கு தந்த பாடம்

செபராங் ஜெயாவிலும் பிறையிலும் வாழும் நம்மவர்க்குச் சங்கம் என்பது புதிதன்று. ஆலய நிர்வாக சபை, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், மரண சகாய சங்கம், இளைஞர் மன்றம் என்று பல ஸ்தாபனங்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் அவை தத்தம் எல்லையைக் கடந்து, ஒரே காரியத்துக்காகக் கூடிச் சிந்தித்து, கூடித் தீர்மானித்து, பொறுப்பையும் புகழையும் பங்கிட்டுக்கொள்வது அபூர்வமாகவே இருக்கிறது. அந்த அபூர்வ காரியத்தை உலக அளவில் சாதித்துக் காட்டிய இயக்கங்கள் சில, பாலத்துக்கு அக்கரையிலுள்ள பினாங்குத் தீவோடு நெருங்கிய சம்பந்தமுடையவை.

1939ஆம் ஆண்டு சிங்கப்பூரில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மாதரசி, தாய்ப்பாலுக்குப் பதிலாக டின் பாலைச் சிசுக்களுக்குப் புகட்டத் தூண்டும் பிரசாரத்தைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1979 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் ஜெனீவாவில் கூட்டிய மாநாட்டையொட்டி, ஆறு தொண்டு ஸ்தாபனங்கள் ஒன்றுசேர்ந்து ஐபிஃபான் எனப்படும் சர்வதேசச் சிசு உணவு இயக்கத்தைத் தொடங்கின. பினாங்கிலிருந்து பணியாற்றிய அன்வர் ஃபசல் அதன் ஸ்தாபகர்களுள் ஒருவர். சேர்ந்த குழுக்கள் எவையும் தம் பெயரையோ சுதந்திரத்தையோ இழக்கவில்லை. கொள்கையும் செயல் திட்டமும் மாத்திரமே பொதுவாயின. 1981 மே 21ஆம் தேதி, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை முறையை ஒழுங்குபடுத்தும் சர்வதேச விதித்தொகுப்பு, 118 தேசங்களின் ஆதரவோடும் அமெரிக்கா ஒன்றின் எதிர்ப்போடும் நிறைவேறியது.

அடுத்த ஆண்டே, இதே முறையில், பூச்சிமருந்துகளின் அபாயத்தை எதிர்க்கும் பான் என்னும் கூட்டியக்கம் பினாங்கில் பிறந்தது. 1991 பிப்ரவரி 14ஆம் தேதி தோன்றிய வாபா என்னும் உலகத் தாய்ப்பால் கூட்டணி தன் செயலகத்தைப் பினாங்கிலேயே அமைத்துக்கொண்டது. 1992 முதல் ஆண்டுதோறும் உலகெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரம் அதன் முயற்சியே.

இத்தகைய கூட்டு நிர்வாகம் நடைமுறையில் எவ்வாறு இயங்குகிறது? ஒரு தேசத்தில் பால்மாவுக் கம்பெனியொன்று பிரசவ விடுதியில் இலவச மாதிரி டின்களை வழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தேசத்துக் குழுவினர் டின்னின் லேபிளையும் விளம்பரத் தாளையும் திரட்டி அனுப்புகின்றனர். பினாங்கிலுள்ள ஐபிஃபான் ஆவண மையம் விதித்தொகுப்பின் 11 பிரிவுகளில் எது மீறப்பட்டது என்று ஆராய்ந்து, பல தேசங்களிலிருந்து வந்த சான்றுகளையும் சேர்த்து அறிக்கையாக வெளியிடுகிறது. சிறு குழு தனித்துக் குரல் எழுப்பினால் அலட்சியம் செய்யக்கூடிய பெருங்கம்பெனி, பல தேசங்களின் சாட்சியத்தை அவ்வாறு ஒதுக்கிவிட முடிவதில்லை. வாபாவிலோ, வைத்தியரும் தாய்ப்பால் ஆலோசகரும் தாய்மாரும் தத்தம் சங்கங்களின் வாயிலாகச் சமமாக அமர்கின்றனர். வைத்தியரின் சாஸ்திர ஞானத்தோடு தாயின் அனுபவமும் அங்கே சபையேறுகிறது.

ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடிப்போர் எத்தனை பேராயினும், தேர் செல்லும் வீதி முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டிருக்க வேண்டும். பால்மாவுக் கம்பெனிகளிடமிருந்து பணம் பெறுவதில்லை என்று இவ்வியக்கங்கள் விதித்துக்கொண்ட விரதம் அத்தகைய நிச்சயமே. கைநீட்டிப் பணம் வாங்கியவன் நாவு தாராளமாகப் பேசாது என்பதை அவை நன்குணர்ந்திருந்தன. கூட்டு நிர்வாகத்தில் முடிவுகள் தாமதமாகும் என்பதும், உழைப்பின் சுமை சிலர் தோளில் மாத்திரம் விழக்கூடும் என்பதும் உண்மையே; எனினும் பலர் கலந்து எடுத்த முடிவை நிறைவேற்றப் பலர் முன்வருவர்.

நம் சங்கங்களும் ஒருங்கே கலைந்து ஒன்றாக வேண்டுவதில்லை. பிள்ளைகளின் கல்வியோ, முதியோர் பராமரிப்போ, ஏதேனும் ஒரு காரியத்தைத் தேர்ந்து, நோக்கத்தை எழுத்தில் வைத்து, கணக்கை யாவரும் பார்க்கத் திறந்து வைத்து, சிறிய சங்கத்துக்கும் சமமான ஆசனம் அளித்து, ஓராண்டு கூடி உழைத்துப் பார்க்கட்டும். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த யோசனையைச் சேர்க்குமாறு உங்கள் சங்கச் செயலாளரைக் கேளுங்கள்.