கணிப்பொறியில் இயற்கணிதம் எழுத…

எண்களைக் கூட்டவும் பெருக்கவும் மட்டுமே கணிப்பொறிக்குத் தெரியும் என்று நினைக்க வேண்டாம். க^4 + 4 என்ற கோவையைக் கொடுத்துக் காரணிப்படுத்தச் சொன்னால், (க^2 − 2க + 2)(க^2 + 2க + 2) என்று நொடியில் விடை தந்துவிடும். இவ்வேலைக்கென உள்ள மொழிகளுள் மாக்சிமாவும் ஒன்று. அதன் தாய்நிரல் 1968-இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்டது. அதன் ஒரு படியை 1982 முதல் 2001-இல் தாம் மறையும்வரை பேணி வளர்த்தவர் வில்லியம் ஷெல்ட்டர் என்ற பேராசிரியர். இன்று அது இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டொரு வரிக் கணக்கென்றால் மாக்சிமாவின் திரையிலேயே தட்டிவிடலாம். நிரல் நீண்டால் தனிக் கோப்பில் எழுதி வைப்பதே நலம். கடிதம் தட்டச்சிடும் மென்பொருள் இதற்கு உதவாது. அது நேரான மேற்கோள் குறியை வளைத்துவிடும். கழித்தல் குறியை நீட்டிவிடும். அழகுதான், ஆனால் மாக்சிமாவுக்குப் புரியாது. வெறும் எழுத்துகளை மட்டும் சேமிக்கும் உரைத்தொகுப்பான் தேவை. அத்தகையவற்றுள் ஈமேக்ஸை எடுத்துக்கொள்வோம். அதுவும் 1976-இல் அதே கழகத்தில் பிறந்ததுதான்!

மாக்சிமாவின் மூலத் தொகுப்பிலேயே ஈமேக்ஸுக்கான துணைக்கோப்பு ஒன்று இருக்கிறது. அது எந்த அடைவில் உள்ளது என்பதையும், '.மேக்' என்று முடியும் கோப்புகளை அதன்படி திறக்க வேண்டும் என்பதையும் ஈமேக்ஸின் தொடக்கக் கோப்பில் ஒருமுறை எழுதிவிட்டால் போதும். (பெயர்களையும் மாறிகளையும் இங்கே தமிழெழுத்தில் காட்டினாலும், கணிப்பொறியில் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.) அதன்பின் கட்டளைச் சொற்களும் விளக்கக் குறிப்புகளும் தனித்தனி நிறங்களில் தெரியும். குறிப்பொன்றை மூட மறந்தீர்களானால், அடுத்த வரிகளும் குறிப்பின் நிறத்துக்கு மாறிக் காட்டிக்கொடுக்கும். அடைப்புக்குறியில் நின்றால் அதன் இணை ஒளிரும்.

நிறம் எல்லாப் பிழையையும் காட்டிவிடாது. க*(க+1) என்பதில் பெருக்கல் குறியை விட்டுவிட்டால், 'க' என்பது ஒரு சார்பின் பெயர் என்றெண்ணி மாக்சிமா மௌனமாக ஏற்றுக்கொள்ளும். அதேபோல் க = 5 என்பது வெறும் சமன்பாடு; மதிப்பைத் தருவது க : 5 என்பதே.

தேர்ந்தெடுத்த வரிகளை மட்டும் ஈமேக்ஸிலிருந்தே மாக்சிமாவுக்கு அனுப்பிப் பார்க்கலாம். பெரிய வசதி இது; ஆபத்தும் இதில்தான். காலையில் க : 5 என்று அனுப்பியதை நீங்கள் அழித்திருப்பீர்கள். கோப்பில் இராது, மாக்சிமாவின் நினைவில் இருக்கும். மாலையில் க^4 + 4-ஐக் காரணிப்படுத்தினால், கோவைக்குப் பதிலாக 17, 37 என்ற இரண்டு எண்கள் வரும். 5^4 + 4 = 629 அல்லவா? பிழைச் செய்தி எதுவும் இராது. இங்கே எண் வந்ததால் ஐயம் எழுகிறது; நீண்ட கணக்கின் நடுவே இப்படி நேர்ந்தால் கண்டுபிடிப்பது கடினம்.

ஆகவே கோப்பின் முதல் வரியில் 'கில்(ஆல்)' என்று எழுதிப் பழைய மதிப்புகளைத் துடைத்துவிடுங்கள். விடையை எடுத்தெழுதுமுன், கோப்பு முழுவதையும் 'பேட்ச்' கட்டளையால் ஒருமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியும் அதன் விடையும் அடுத்தடுத்துத் திரையில் வரும்.