பசையுள்ள இறப்பரும் பந்தாடும் கையும்

ஊவா மாகாணத்தில் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை மலைச்சரிவுகளெங்கும் தேயிலை. பசறை, லுணுகலை கடந்து மொனராகலைப் பக்கம் இறங்கினால் இறப்பர் மரங்கள். வைகறையிற் பாலெடுப்போர், விரலிற் பட்ட பால் உலர்ந்து பற்றிக்கொள்வதை நன்கறிவர். அதனையொத்த ஒட்டுந்தன்மையை மட்டையின் முகத்தில் நிலைபெறச் செய்து, பந்தைச் சுழலவைக்கும் கருவியாக்கிக்கொண்டவர்கள் சீன மேசைப்பந்தாட்டக்காரர்கள்.

மட்டையிற் பஞ்சு புகுந்த கதை நமக்கு அண்மையிலுள்ள பம்பாயில் உலகறிய நடந்தது. 1952ஆம் ஆண்டு அங்கு நடைபெற்ற உலகப் போட்டியில், ஜப்பானியரான ஹிரோஜி சாத்தோ தடித்த பஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்தார். மட்டையிற் பந்து படும் ஓசையைக் கேட்டு அடியின் வேகத்தைக் கணித்துப் பழகியவர்கள், ஓசையே எழாத அந்த மட்டைக்கு முன் திகைத்தனர், பட்டம் சாத்தோவுக்காயிற்று. (இலங்கை இறப்பருக்குச் சீன அரிசி என்ற ஒப்பந்தம் கைச்சாத்தானதும் அதே ஆண்டிற்றான்.) 1959இல் சர்வதேச மேசைப்பந்தாட்டச் சம்மேளனம் வெறும் பஞ்சை விலக்கிற்று. பஞ்சின்மேல் இறப்பர்த் தாள் இருத்தல் வேண்டும், இரண்டும் சேர்ந்து 4 மில்லிமீற்றரை மிஞ்சலாகாது என விதித்தது. இன்றும் அளவு அதுவே.

இன்று கடையில் ‘இறப்பர்’ என விற்கப்படுவது இவ்விரு படைகளும் சேர்ந்த ஒன்றாகும். ஐரோப்பிய, ஜப்பானிய வகைகள் பலவற்றிற் பஞ்சு மென்மையானது. பந்து அதனுட் புதைந்து, வில்லிலிருந்து விடுபட்டது போல் வெளியே பாயும். சீன வகையில் மேற்றாள் பசையுடையது, பஞ்சோ இறுகியது. மெல்லத் தொட்டால் பந்து துள்ளாது, தாழ்ந்தே செல்லும். ஆகவே தொடக்க அடியிலும், வலையோரத்துச் சிற்றடியிலும் அது சொன்னபடி கேட்கும். காலும் இடுப்பும் தோளும் சேர்ந்து முழுவீச்சாய் வீசும்போதுதான் அக்கடினப் பஞ்சு அமுங்கும். பசை பந்தைப் பற்றித் திருகும். பந்து மேற்சுழலுடன் வளைந்து இறங்கி மேசையில் விழும். இடைப்பட்ட அரைகுறை வீச்சுக்கு அது எதையும் தருவதில்லை. பந்து வலையிற் போய் விழும். மென்பஞ்சு ஆடுபவனுக்குக் கடன் கொடுக்கும். கடினப் பஞ்சு அவன் இட்டதை மட்டுமே திருப்பித் தரும்.

தேர்விற் பிழை நேரும் இடம் இதுவே. சீன இறப்பரின் சாதாரண வகைகள் விலை குறைந்தவை. 2016இலும், 2021இல் நடந்த தோக்கியோ போட்டியிலும் ஒலிம்பிக் தனியாட்டத் தங்கம் வென்ற மா லொங்கின் ‘ஹரிகேன் 3’ என்னும் பெயரோ பெரிது. ஆனால் அவர் கையிலிருந்தது தேசிய அணிக்கெனச் செய்யப்பட்ட நீலப் பஞ்சுடையது. கடையில் மலிவாய்க் கிடைப்பது அதுவன்று. சம்பளநாட் பணத்தில் மிச்சம் பிடித்து ஒரே இறப்பரை வாங்கி ஆண்டு முழுவதும் அதனோடு ஆடவேண்டிய தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. வீச்சு இன்னும் முற்றாத பன்னிரண்டு வயதுப் பையன் கடினப் பஞ்சை வாங்கினால், பந்தைத் தள்ளத் தோளை வருத்துவான். நாளடைவில் அடியும் கெடும், தோளும் நோகும்.

பெட்டியிலுள்ள எண்ணும் மயக்கும். சீன அளவில் 39, 40, 41 பாகை என்றும், செருமானிய அளவில் 45, 47.5 என்றும் குறிப்பர். அளவுகோல்கள் வேறானபடியால், சிறிய எண் தாங்கிய சீனப் பஞ்சே விரலால் அழுத்தினாற் கூடுதலாக இறுகியிருக்கும். முன்கையாற் சுழற்றித் தாக்கும் ஆட்டம் ஏற்கெனவே கைவந்தவருக்கு முன்கைப் பக்கம் 39 பாகை போதும். அதற்கு மேற்பட்டது நாள்தோறும் பயிற்சி செய்வோருக்குரியது. வீச்சு குறுகிய பின்கைப் பக்கத்துக்கு மென்மையான இறப்பரே ஏற்றது. சீன வீரர் பலரும் இவ்வாறே இரு பக்கத்துக்கும் இருவகை ஒட்டிக்கொள்கின்றனர்.

மலைநாட்டுக் காற்றையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். அப்புத்தளைப் பக்கம் மாலையில் மூடுபனி மண்டபத்துள் நுழைந்தால், தாளின்மேல் மெல்லிய ஈரம் படியும். பசை பற்றாது, பந்து வழுக்கும். இடையிடையே உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றியெடுத்தல் தவிர வேறு வழியில்லை. ஆடி, ஆவணியிற் கச்சான் வீசும்போது நிலைமை நேர்மாறு. அக்காலத்துத் தேயிலைக்குத் தனி மணம் சேர்க்கும் அதே வறண்ட காற்று, தூசியை வாரிவந்து பசையில் ஒட்டுகிறது. ஆட்டம் முடிந்ததும் சுத்தமான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைத்து, நிழலில் உலர்த்தி, மெல்லிய பிளாஸ்ரிக் தாளை மேலே படியவைத்து மூடிவிட்டாற் பசை நெடுநாள் நிற்கும். எண்ணெய் முதலியவற்றைத் தடவிப் புதுப்பிக்க முயல்வது வீண். போட்டி விதிக்கும் புறம்பானது.

தாளின் நடுப்பகுதி வழுவழுத்து, விளிம்பு மட்டும் விரலில் ஒட்டத் தொடங்கினால் அவ்விறப்பரைக் கழற்றவேண்டியதுதான்.