பாட்டி திறக்க வேண்டும், பேரன் திறக்கக் கூடாது

மாணவர்களே, ஒரு சிறிய பெட்டி. அதற்கு இரண்டே நிபந்தனைகள். நள்ளிரவில், விளக்கைப் போடாமல், கை நடுங்கும் 70 வயதுப் பாட்டி அதைச் சில நொடிகளில் திறக்க வேண்டும். பகல் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து விளையாடும் 4 வயதுப் பேரன் எப்படி முயன்றாலும் அது திறக்கக் கூடாது. இப்படி ஒரு பெட்டியை உங்களால் வடிவமைக்க முடியுமா?

விடுகதை போலத் தோன்றினாலும் இது நம் வீட்டுப் பிரச்சினைதான். சுங்கைப் பட்டாணியில் தாத்தா பாட்டியோடு சேர்ந்து வாழும் குடும்பங்கள் நிறைய. அவர்களின் தலைமாட்டில் என்ன இருக்கிறது என்று இன்று போய்ப் பாருங்கள். நெஞ்சுவலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, நீரிழிவு மாத்திரை. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளில் ஒன்றே ஒன்றுகூட ஒரு சிறு குழந்தையின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். அதுவும் விழுங்கிய உடனே அல்ல; பல மணி நேரம் கழித்துக்கூட நேரலாம். பாட்டிக்கோ அந்த மாத்திரைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். பூட்டி எங்கோ வைத்தால் அவர் உயிருக்கு ஆபத்து. திறந்து வைத்தால் பேரன் உயிருக்கு ஆபத்து.

இதே விடுகதையைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வரும் நாடு அமெரிக்கா. ஆனால் அங்கே தலைமாட்டில் இருப்பது மாத்திரை அல்ல, கைத்துப்பாக்கி. திருடன் வந்தால் உடனே எடுக்க வேண்டும், பிள்ளை கையில் சிக்கக் கூடாது என்று அதற்கென்றே சிறிய பெட்டகங்களைக் கட்டில் அருகே வைக்கிறார்கள். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. நம்மில் பெரும்பாலோர் அதைக் காவல் துறையினரின் இடுப்பிலும் நகைக்கடைக் காவலாளியின் கையிலும் பார்த்ததோடு சரி. அந்த வகையில் நாம் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டகத்தைப் பற்றி அவர்கள் கற்றுக்கொண்ட பாடங்கள் நம் மாத்திரைப் பெட்டிக்கு அப்படியே பொருந்துகின்றன. சில பாடங்களுக்கு அவர்கள் கொடுத்த விலை மிகப் பெரியது.

முதலில், ஒளித்து வைப்பது. "அது எங்கே இருக்கிறதென்று பிள்ளைக்குத் தெரியாது" என்பது எல்லாப் பெற்றோரும் சொல்வது. அலபாமா மாநிலத்தில் துப்பாக்கி உள்ள வீடுகளில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேட்டு 2006-இல் ஓர் ஆய்வு வெளியானது. 'என் பிள்ளைக்கு இடம் தெரியாது' என்ற பெற்றோரில் 39 விழுக்காட்டினரின் பிள்ளைகள் 'எனக்குத் தெரியும்' என்றார்கள். 2001-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் 8 முதல் 12 வயது வரையிலான 64 சிறுவர்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டு மறைவிலிருந்து கவனித்தார்கள். அங்கே ஒரு இழுப்பறையில், சுடாதபடி செயலிழக்கச் செய்த உண்மைத் துப்பாக்கி இருந்தது. கால் மணி நேரத்துக்குள் 48 பேர் அதைக் கண்டுபிடித்தார்கள். 30 பேர் கையில் எடுத்தார்கள். 16 பேர் விசையை இழுத்தார்கள். எடுத்தவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்குத் துப்பாக்கி ஆபத்தானது என்று முன்பே சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது! 'சொல்லி வைத்திருக்கிறேன்' என்பதும் ஒரு பூட்டு அல்ல என்று இதிலிருந்து தெரிகிறது.

"உயரத்தில் வைத்தால்?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 வயதுப் பிள்ளை ஏறக்குறைய 100 சென்டிமீட்டர் உயரம். கையைத் தூக்கினால் 120-ஐத் தொடும். சாப்பாட்டு நாற்காலியின் உயரம் 45 சென்டிமீட்டர். அதன்மேல் ஏறினால் 165. 75 சென்டிமீட்டர் மேசைமேல் ஏறினால் 195. உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் உச்சி எவ்வளவு உயரம்? அளந்து பாருங்கள்.

தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி உண்டு. பீடோங், சுங்கை லாலாங், புக்கிட் செலம்பாவ் பக்கம் ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த வீடுகளில் களைக்கொல்லியை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? மருந்து. களைக்கொல்லி தெளிப்பதற்கு 'மருந்தடிப்பது' என்றுதான் பெயர். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, புல்லைக் கொல்வதும் மருந்து. பேசத் தொடங்கும் குழந்தைக்கு இந்த வேறுபாடு எப்படிப் புரியும்? (இதில் தமிழைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம்தான் 'விஷம்' என்று சொல்லிப் பழக வேண்டும்.)

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை உங்கள் தாத்தாமார் நன்றாக அறிவார்கள். அதன் அடர்கரைசல் ஒரு வாய் உள்ளே போனாலே உயிரைப் பறித்துவிடும். நுரையீரல் அதை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். முறிமருந்து கிடையாது. தொடக்க காலத்தில் அதன் நிறம் கறுப்புக் காப்பியைப் போல இருந்தது. குளிர்பான போத்தலில் ஊற்றி வைத்ததை யாரோ எடுத்துக் குடித்த விபத்துகள் பல நாடுகளில் நடந்தன. அதனால்தான் பின்னாளில் நீலச் சாயமும் கெட்ட வாடையும் வாந்தி வரச் செய்யும் பொருளும் அதில் கலக்கப்பட்டன. மலேசிய அரசு 2002-இல் அதைத் தடை செய்ய முடிவெடுத்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுமையாகத் தடை செய்தது. ஆனால் மற்றக் களைக்கொல்லிகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றைக் குளிர்பான போத்தலுக்கு மாற்றும் பழக்கமும் போய்விட்டதாகச் சொல்ல முடியாது.

களைக்கொல்லியைப் பொறுத்தவரை விடுகதையின் பாதிதான் மிச்சம். அதை நள்ளிரவில் அவசரமாக யாரும் எடுக்கப் போவதில்லை. எனவே அதற்கு வீட்டுக்கு வெளியே ஒரு கொட்டகை, ஒரு சாதாரணப் பூட்டு, சொந்தப் போத்தல், இவையே போதும். சிக்கல் தலைமாட்டுப் பெட்டிக்குத்தான். பாட்டிக்கு அவசரம், பேரனுக்கோ ஆர்வம்.

இந்த இரண்டையும் சேர்த்துச் சிந்தித்த முதல் வெற்றி ஒரு மூடி. கனடாவில் வின்சர் என்ற நகரில் என்ரி புரோ என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். மாத்திரையை விழுங்கிய குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருப்பதைப் பொறுக்க முடியாமல், பிள்ளைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று போராடினார். 1967-இல் பீட்டர் எட்ஜ்விக் என்பவர் அதை உருவாக்கினார். உள்ளங்கையால் கீழே அழுத்திக்கொண்டே திருகினால்தான் திறக்கும். அழுத்துவது ஓர் அசைவு, திருகுவது இன்னோர் அசைவு. தனித்தனியாகச் செய்தால் மூடி சும்மா சுற்றும். சிறு குழந்தைக்கு இரண்டையும் ஒரே நேரத்தில் இணைத்துச் செய்வது கடினம். வின்சர் வட்டாரத்தில் குழந்தைகள் மாத்திரையால் நஞ்சுண்ட சம்பவங்கள் சுமார் 90 விழுக்காடு குறைந்தன.

1970-இல் அமெரிக்கா இத்தகைய மூடிகளுக்குச் சட்டமே இயற்றியது. அதற்கான சோதனை மிகவும் சுவையானது. மூன்றரை முதல் நான்கேகால் வயதுக் குழந்தைகளிடம் போத்தலைக் கொடுத்து 5 நிமிடம் விடுவார்கள். பிறகு ஒரு பெரியவர் திறந்து காட்டுவார். 'பல்லால் கடித்தும் திறக்கலாம்' என்று சொல்லி மேலும் 5 நிமிடம் கொடுப்பார்கள். முதல் பாதியில் 85 விழுக்காட்டினரும், முடிவில் 80 விழுக்காட்டினரும் தோற்றால் மூடி தேர்ச்சி பெறும். அப்படியென்றால் ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் அந்த மூடி தேர்ச்சிதான். மூடி நமக்குச் சில நிமிட அவகாசத்தை வாங்கித் தருகிறது, அவ்வளவே.

சோதனையின் மறுபாதியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பெரியவர்களும் அந்த மூடியைத் திறந்து மூட வேண்டும். முதலில் இளம் வயதினரை வைத்தே சோதித்தார்கள். மூட்டுவலி உள்ள முதியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருமுறை சிரமப்பட்டுத் திறந்த மூடியை மறுபடி மூடவே இல்லை. அல்லது மாத்திரைகளை வேறு டப்பாவில் கொட்டி வைத்தார்கள். எனவே 1995-இல் விதியை மாற்றினார்கள். 50 முதல் 70 வயது வரையிலானவர்களில் 90 விழுக்காட்டினரால் திறந்து மூட முடிய வேண்டும். பெரியவருக்குத் தொல்லை தரும் பூட்டு திறந்தே கிடக்கும். ஆகவே பாட்டிக்கு எளிதாக இருப்பது பேரனின் பாதுகாப்புக்கே தேவைப்படுகிறது.

நம் மருந்தகங்களில் மாத்திரைகள் பெரும்பாலும் அட்டைகளாக, சிறு நெகிழிப் பைகளில் வருகின்றன. அந்தப் பைக்கு மூடியும் இல்லை, பூட்டும் இல்லை. எனவே பெட்டிக்கு வருவோம். கடைகளில் நகை, பணம் வைக்க எண் பொத்தான் உள்ள சிறிய பெட்டகங்கள் விற்கிறார்கள். தங்கும் விடுதி அறைகளிலும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்கர்களின் துப்பாக்கிப் பெட்டகமும் ஏறக்குறைய இதே சாதிதான்.

விலை மலிவான பல பெட்டகங்களின் உள்ளே இருப்பது ஒரு சோலனாய்டு. இயற்பியல் எடுக்கும் படிவம் 4, 5 மாணவர்களுக்கு இது பழக்கமான பெயர். செப்புக் கம்பிச் சுருள். சரியான எண்ணை அழுத்தினால் மின்சாரம் பாய்ந்து சுருள் காந்தமாகும், ஒரு சிறிய இரும்பு முளையை உள்ளே இழுக்கும், கைப்பிடி திரும்பும். மற்ற நேரங்களில் முளையை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பது ஒரு மெல்லிய சுருள்வில் மட்டுமே.

இப்போது நியூட்டனின் முதல் விதியை, பள்ளியில் 'இனர்சியா' என்று படிப்பதை, நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைச் சற்றே தூக்கி மேசையில் போட்டால் என்ன ஆகும்? பெட்டி சட்டென்று நிற்கும். உள்ளே உள்ள முளை நிற்காது. தொடர்ந்து நகரப் பார்க்கும். வில் மெலிதாக இருந்தால் ஒரு கணம் தோற்றுவிடும். அந்தக் கணத்தில் கைப்பிடி திரும்பினால் எண்ணே தேவையில்லை. 2012-இல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் பூட்டு வல்லுநர்கள் பல துப்பாக்கிப் பெட்டகங்களின் இத்தகைய பலவீனங்களை அம்பலப்படுத்தினார்கள். 3 வயதுக் குழந்தையாலும் சிலவற்றைத் திறக்க முடியும் என்று காட்டினார்கள். இதற்கு மாற்று மிக எளிது: பெட்டியைச் சுவரிலோ அலமாரியிலோ திருகாணியால் இறுக்கிவிட வேண்டும். தூக்க முடியாத பெட்டியைக் கீழே போட முடியாதல்லவா!

கைரேகைப் பெட்டி இன்னும் நவீனமானது என்று விற்பனையாளர் சொல்வார். பாட்டி பல ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர் என்றால் அவர் விரல் ரேகை தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. வங்கியில் மைகார்டு கட்டைவிரல் சோதனை அவருக்குப் பலமுறை தோற்றதைப் பார்த்திருப்பீர்கள். கருவியின் கண்டிப்பைத் தளர்த்தினால் பாட்டியின் விரலை ஏற்கும், கூடவே அந்நிய விரலையும் ஏற்கத் தொடங்கும். கண்டிப்பைக் கூட்டினால் அந்நியரோடு பாட்டியையும் தடுக்கும். 2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சுமார் 61,000 கைரேகைத் துப்பாக்கிப் பெட்டகங்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. விரல் பதிவாகும் வரை அவை எந்த விரலுக்கும் திறந்தன. பதிவு செய்துவிட்டோம் என்று நம்பியவர்களின் பெட்டியும் அப்படியே இருந்தது. 12 வயதுச் சிறுவன் ஒருவனின் மரணத்தோடு தொடர்புபடுத்தி வழக்கும் நடந்தது. 2024-இல் வேறு நிறுவனங்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டகங்கள் இதே குறைக்காகத் திரும்பப் பெறப்பட்டன. இத்தகைய பெட்டியை வாங்கினால், பதிவு செய்யாத விரலால் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். தன் விரலுக்குத் திறக்கிறது என்று மகிழ்ந்துபோவது எல்லாருக்கும் இயல்பு. அடுத்தவர் விரலுக்கு மூடியிருக்கிறதா என்பதுதான் சோதனை.

எண் பூட்டு எவ்வளவு வலுவானது? 10 பொத்தான், 4 இலக்கம் என்றால் 10,000 எண்கள். ஒன்றுக்கு 5 நொடி வைத்தாலும் எல்லாவற்றையும் முயல 14 மணி நேரம் ஆகும். ஆனால் ஒரே எண்ணை ஆண்டுக்கணக்கில் அழுத்தினால் அந்த நான்கு பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். பிறகு 4×3×2×1, வெறும் 24 வழிகள்தான். இரண்டு நிமிட வேலை. உங்கள் தம்பி கணக்கெல்லாம் போட மாட்டான். பாட்டி அழுத்துவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வான், அவ்வளவுதான். வீட்டில் யாருடைய பிறந்தநாளும் அந்த எண்ணாக இருக்கக் கூடாது. மின்கலம் தீர்ந்தால் திறக்க ஒரு சாவியும் தருவார்கள். அந்தச் சாவியைப் பெட்டிக்குக் கீழே உள்ள இழுப்பறையிலேயே போட்டு வைக்கும் வீடுகள் பல!

என்னைக் கேட்டால், மின்கலமே வேண்டாத, பொத்தான்களைத் தடவிப் பார்த்தே அழுத்தக்கூடிய இயந்திரப் பூட்டு உள்ள சிறு பெட்டிதான் தலைமாட்டுக்கு நல்லது. கட்டிலில் படுத்தபடி பாட்டி கை நீட்டும் இடத்தில் திருகாணியால் பொருத்துங்கள். அவசர மாத்திரைகளை மட்டும் அதில் வையுங்கள், மற்றவற்றைப் பூட்டிய அலமாரிக்கு மாற்றுங்கள். நாக்கடி மாத்திரை கண்ணாடிப் போத்தலில் வந்திருந்தால் அந்தப் போத்தலோடு அப்படியே வைக்க வேண்டும். வெளிச்சமும் வெப்பமும் அதைக் கெடுக்கும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியில் நிறுத்துகடிகாரத்தை ஓடவிட்டு, பாட்டியை மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். "ஐயோ, இது வேண்டாமய்யா, திறந்தே இருக்கட்டும்" என்று அவர் சலித்துக்கொண்டால் அந்தப் பெட்டி தோற்றுவிட்டது. வேறு வகையைத் தேடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு குழந்தை மாத்திரையை விழுங்கிவிட்டால், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்கவும் வேண்டாம். 999-ஐ அழையுங்கள், அல்லது சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்லுங்கள். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையம் இத்தகைய வேளைகளில் ஆலோசனை கூறுகிறது. போகும்போது மாத்திரை அட்டையை எடுத்துச் செல்ல மறக்காதீர்கள். பாட்டி இன்று எத்தனை சாப்பிட்டார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காலியான குழிகளில் அந்த எண்ணிக்கையைக் கழித்தால், குழந்தை அதிகபட்சம் எத்தனை விழுங்கியிருக்கும் என்று மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.