மருந்து கலவாத பால்: மடிநோயில் தொடங்குவோம்

பயிற்சிக்காக ஊர்களுக்குச் செல்லும்போது தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. நேற்று இரவு உறை ஊற்றிய பால் காலை வரை தயிராகவில்லை என்பார்கள். மோர் சரியில்லை என்று மோரைக் குறை கூறுவார்கள். விசாரித்தால், மாட்டுக்கு மடி வீங்கி, காம்பில் மருந்து ஏற்றி இரண்டு நாள்தான் ஆகியிருக்கும். ஏற்றிய ஆன்டிபயாடிக் மருந்து பாலிலும் வருகிறது. நோய்க் கிருமியைக் கொல்லும் அம்மருந்து, பாலைத் தயிராக்கும் நுண்ணுயிரையும் கொன்றுவிடுகிறது. காய்ச்சினாலும் மருந்து முழுதும் போய்விடாது. அந்தப் பாலைத்தான் வீட்டுக் குழந்தைகளும் குடிக்கின்றன.

இயற்கை முறைக் கால்நடை வளர்ப்பு பற்றி இப்போது எங்கும் பேச்சு. 2001-ல் தொடங்கிய தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில், கால்நடைகளுக்கான தர நெறிகள் 2015-ல் சேர்ந்தன. அந்நெறிப்படி தீவனமும் அங்கக முறையில் விளைந்ததாக இருக்க வேண்டும். பூச்சிமருந்து அடித்த வயலின் வைக்கோலையும், கடைப் பிண்ணாக்கையும் வாங்கிப் போடுகிற ஒரு மாடு, இரண்டு மாட்டுக்காரருக்கு இது எளிதன்று. ஆகவே சான்றிதழுக்காக இப்போதே அலைய வேண்டாம் என்பதே என் கருத்து. மருந்துச் செலவைக் குறைப்பது நம் கைக்கு எட்டுகிற காரியம். அதற்கு மடிநோயே நல்ல தொடக்கம்.

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டாக்டர் புண்ணியமூர்த்தி பரப்பிய மூலிகை முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரிந்துரைக்கிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையின் முள்ளை மட்டும் சீவிவிட்டு, தோலுடன் நறுக்கி, மூன்றையும் சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். ஒரு கைப்பிடி விழுதில் 150 முதல் 200 மில்லி தண்ணீர் விட்டுக் கரைத்துக்கொள்ளவும். மடியில் உள்ள பாலை முழுதும் கறந்து, மடியைக் கழுவி, வீங்கிய பகுதியில் மட்டுமல்லாது மடி முழுவதும் பூச வேண்டும். நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். "பத்து முறையா?" என்று மலைப்பவர்கள் உண்டு. இரண்டு முறை பூசிவிட்டுக் குணமில்லை என்பவர்களும் அவர்களே. விழுதை அன்றன்றைக்குப் புதிதாக அரைக்கவும். தினம் இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பாதியாக நறுக்கி, மூன்று நாள் தின்னக் கொடுக்கவும்.

நோய் கண்ட அன்றே தொடங்கினால்தான் இதற்குப் பலன் அதிகம். ஒவ்வொரு வேளையும் முதல் பாலைக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பாருங்கள். திப்பி திப்பியாக இருந்தால் மடி வீங்கும் வரை காத்திருக்க வேண்டாம். நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்கவும். கறந்தவுடன் பசுந்தீவனம் போட்டு அரை மணி நேரமாவது மாட்டை நிற்க வைக்கவும். காம்புத் துளை மூடுமுன் மாடு சாணத்தில் படுத்தால் கிருமி உள்ளே ஏறிவிடும்.

ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு தீவனம் எடுக்காவிட்டால், மடி கல்லாக இறுகினால் அல்லது சில்லிட்டு நீலம் பாய்ந்தால், கற்றாழையை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். அன்றே கால்நடை மருத்துவரை அழைக்கவும். காம்பு போனால் அந்த மாடு உங்களுக்குப் பாதி மாடுதான். அங்கக நெறிகள்கூட, மருந்து தேவைப்படும் மாட்டை வாடவிடச் சொல்லவில்லை. மருந்து கொடுத்தால், வழக்கமாகப் பாலை ஒதுக்கும் நாட்களைப் போல் இரு மடங்கு நாள் ஒதுக்க வேண்டும் என்கின்றன.

அந்த நாட்கணக்கு மருந்து உறையில் அச்சிட்டிருக்கும். உறையைக் குப்பையில் எறியாமல் கொட்டகைக் கூரையில் செருகி வையுங்கள். கெடு முடியும் வரை அப்பாலைச் சங்கத்துக்கு ஊற்ற வேண்டாம், கன்றுக்கும் விட வேண்டாம்.